‘ஆள் குடிப்பார், ஆனால் ஒருத்தருக்கும் தொந்தரவில்லை’: மதுசாரத்தில் தங்கியிருத்தல் பற்றிய எளிய விளக்கம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் குடியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் இரண்டு வகையான ஆட்களைச் சுற்றியே நடக்கும். ஒருவர் வெறியில் வீதியோரத்தில் விழுந்து கிடப்பவர், வீட்டில் அடிதடி செய்பவர், கசிப்பு என்ற கள்ளச் சாராயத்துக்காக வீட்டுப் பாத்திரத்தை விற்பவர். அவரை ஊர் குடிகாரன் என்கிறது. மற்றவர் பகல் முழுக்க வயலிலோ கடையிலோ கந்தோரிலோ ஒழுங்காக வேலை செய்துவிட்டு, பொழுதுபட்டதும் ‘உடம்பு அலுப்புக்கு’ ஒரு கால் போத்தலை எடுத்து, சாப்பிட்டுப் படுத்துவிடுபவர்; அவருக்கோ ‘ஆள் குடிப்பார்தான், ஆனால் ஒருத்தருக்கும் தொந்தரவில்லை’ என்று ஊரே நற்சான்று வழங்கிவிடுகிறது. முதலாமவருக்கு இருப்பது நோய், இரண்டாமவருக்கு இருப்பது வெறும் பழக்கம் என்பது பொதுவான கணக்கு. மருத்துவம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை.

மதுசாரத்தில் தங்கியிருத்தல் என்பது, மதுசாரம் உள்ளே இருப்பதையே வழமை என்று எடுத்துக்கொண்டு மூளையும் உடலும் இயங்கத் தொடங்கிவிட்ட நிலை. அந்த நிலைக்கு வருவதற்கு ஒருவர் வீதியில் விழவேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால், எவ்வளவு குடித்தும் தள்ளாடாமல் நடக்கிறவரிடத்தில்தான் அந்த மாற்றம் ஆழமாகப் போயிருக்கக்கூடும். அது எப்படி நடக்கிறது என்பதையும், ஊர் ஏற்றுக்கொண்ட குடி ஏன் ஒருவர் கண்ணிலும் படாமல் வளர்கிறது என்பதையும் அடியிலிருந்து பார்க்கலாம்.

ஒரு ‘கால்’ என்பது எவ்வளவு?

பேச்சில் ‘கொஞ்சம்தான்’ என்று போய்விடுகிற அளவை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 10 கிராம் தூய மதுசாரத்தை ஒரு நியம அளவாகக் கொள்கிறது. எந்தப் பானமானாலும் அதற்குள் இப்படி எத்தனை அளவு இருக்கிறது என்று கணக்கிட்டால் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம். கடையில் விற்கும் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலில் அது 60 மில்லிலீற்றர், நிறையில் 48 கிராம் அளவில் வரும். ஆகவே ‘ஒரு கால்’ என்பது கிட்டத்தட்ட ஐந்து நியம அளவு. மதுசாரம் 8.8 வீதமாக உள்ள ‘ஸ்ரோங்’ பியரின் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் மூன்றரை அளவு இருக்கிறது. கள்ளை 5 வீதம் என்று வைத்துக்கொண்டால், 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் மூன்று அளவு. ‘கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அதெல்லாம் ஒரு குடியா’ என்று தவறணையில் இரண்டு போத்தல் எடுப்பவர், கால் போத்தல் சாராயம் எடுப்பவரைவிடக் கூடுதலான மதுசாரத்தை உள்ளே விடுகிறார். அத்துடன் கள்ளு இறக்கிய பிறகும் நொதித்துக்கொண்டே இருப்பதால், காலையில் இறக்கியதை மாலையில் குடிப்பவருக்கு அதன் வேகம் இன்னும் கூட.

உள்ளே போனதில் பெரும்பகுதியை உடைப்பது ஈரல். அதன் வேகம் சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான். தேசிக்காய்த் தண்ணீரோ தலைமுழுக்கோ வெறுங்கோப்பியோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. அரைப் போத்தலை இரவு ஒன்பது மணியளவில் முடித்தவர், காலை ஆறு மணிக்கு முகம் கழுவித் திருநீறு பூசி உழவு இயந்திரத்தில் ஏறும்போதும் அவருடைய இரத்தத்தில் மதுசாரம் மிச்சமிருக்கக்கூடும். ‘இண்டைக்கு நான் தொடவே இல்லை’ என்று அவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

மூளைக்குள் நடப்பது: வயலும் மடையும்

மூளையின் நரம்புக்கலங்கள் சில இரசாயனப் பொருட்களின் வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. இவற்றுக்கு நரம்புக்கடத்திகள் என்று பெயர். சில கடத்திகள் கலங்களைத் தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. தூண்டுவனவற்றில் முதன்மையானது குளுட்டமேற்று, அடக்குவனவற்றில் முதன்மையானது காபா. இந்த இரண்டும் சமநிலையில் இருக்கும்போதுதான் கை நடுங்காமல், மனம் பதறாமல், இரவில் நித்திரை வந்து நாம் நாமாக இருக்கிறோம்.

ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலிலிருந்து மடை வழியே தண்ணீர் உள்ளே வருகிறது. வரம்பில் விட்ட வழியால் மிச்சம் வடிகிறது. நெல்லுக்கு வேண்டிய மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. உள்ளே வருவது தூண்டல், வெளியே வடிவது அடக்கல். மதுசாரம் பொழுதுபட வந்து வரம்பை அகலமாக வெட்டிவிடுகிற ஆள். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்குகிறது: படபடப்பு அடங்குகிறது, உடல் தளர்கிறது, வாய் திறந்துகொள்கிறது. எப்போதாவது ஒருநாள் என்றால் விடியும்போது வரம்பு மறுபடி கட்டுப்பட்டுவிடும். நாள் தவறாமல் வெட்டினால் கமக்காரர் என்ன செய்வார்? பயிர் வாடக்கூடாது என்று மேல் மடையை அகலமாகத் திறந்துவைப்பார். மூளையும் அதையே செய்கிறது. காபாவுக்கு இசைந்து கொடுக்கும் தன்மையைக் குறைத்துக்கொண்டு, குளுட்டமேற்றின் பக்கத்தைப் பலப்படுத்துகிறது. சில மாதங்களோ சில வருடங்களோ போனபின், வரம்பும் அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது, மடையும் அகலமாகத் திறந்திருக்கிறது. மட்டம் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு வயல் வழக்கம்போலவே தெரியும்.

இதுவே தாங்குதிறன் எனப்படுவது: முன்பு கொடுத்த அதே விளைவைப் பெறுவதற்கு இப்போது கூடுதலாகக் குடிக்கவேண்டியிருத்தல். ஊரில் இது ஒரு பெருமை. ‘அவருக்கு ஒரு போத்தல் ஊத்தினாலும் ஆள் அசையாது’ என்று வியந்து சொல்வார்கள். உடலோடு பார்த்தால் அந்த வாக்கியம் ஒரு நோயின் அறிகுறியை எடுத்துரைக்கிறது. மூளைதான் இப்படிப் பழகிக்கொள்கிறது. ஈரலும் இதயமும் இரைப்பையும் அடியை முழுதாக வாங்குகின்றன. தள்ளாட்டம் இல்லாததால், நிறுத்தவேண்டிய இடத்தைக் காட்டும் எச்சரிக்கையும் இல்லாமற் போகிறது.

சுருங்கச் சொன்னால், நாளாந்தக் குடிக்கு ஈடுகட்ட மூளை தன் தூண்டலைக் கூட்டிவைத்திருக்கிறது. அதனால் குடித்தும் வெறிக்காத நிலை வருகிறது.

வரம்பை வெட்டாமல் விட்டால்

இனி ஒருநாள் மதுசாரம் வரவில்லை. வரம்பு கட்டுப்பட்டுவிட்டது, மேல் மடையோ திறந்தபடி. வயலை வெள்ளம் மூடுகிறது. இந்த வெள்ளத்துக்குத்தான் விலகல் அறிகுறிகள் என்று பெயர். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் போனதிலிருந்து கை நடுக்கம், வியர்வை, குமட்டல், காரணமற்ற பதற்றம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தலைகாட்டும்.

ஒரு மேசனை எடுத்துக்கொள்வோம். கை சுத்தமான வேலைக்காரர்; பூச்சு வேலைக்கு அவரைத்தான் கேட்டு வருவார்கள். காலையில் தேநீர்க் கோப்பையை ஒரு கையால் தூக்கினால் தட்டில் சிந்துகிறது என்பதற்காக இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். சாந்து குழைக்கிற பெடியன் பார்க்காத பக்கமாகப் போய், சீமெந்துப் பைகளுக்குப் பின்னால் வைத்த சோடாப் போத்தலில் இரண்டு மிடறு எடுத்துவிட்டு வருகிறார். பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்று, கரண்டி சுவரில் நேராக ஓடுகிறது. ‘ஒரு அடி அடிச்சால்தான் எனக்கு வேலை ஓடும்’ என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அவருடைய கையை இப்போது நேராக வைத்திருப்பதும் அந்தச் சாராயம்தான், நடுங்க வைத்ததும் அதே சாராயம்தான். இந்தக் காலைக் குடிக்கு வந்தவர், ஒருவரோடும் சண்டை பிடிக்காதவராகவே இருந்தாலும், தங்கியிருத்தலின் கடும் கட்டத்தில் நிற்கிறார்.

நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், சிலருக்குச் சித்தம் கலங்கிய நிலை ஒன்று வரும். வைத்தியர்கள் இதை ‘டெலீரியம் ட்ரெமன்ஸ்’ என்பர். இதை வன்னியில் பலர் வைத்தியசாலை வாட்டில் கண்டிருப்பார்கள், ஆனால் இன்னதென்று தெரிந்திருக்காது. மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தோ பாம்பு கடித்தோ ஒருவரை அனுமதிக்கிறார்கள். முதல் நாள் நன்றாகக் கதைக்கிறார். மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், செத்துப்போன தமையனோடு பேசுகிறார், சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலை விட்டு இறங்க எத்தனிக்கிறார். தலையில் அடிபட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, செய்வினை என்று இன்னொருவர் நூல் கட்டப் போகிறார். நடந்தது என்னவென்றால், வாட்டில் மூன்று நாளாக அவருக்குச் சாராயம் கிடைக்கவில்லை. உடனடியாகச் சிகிச்சை கொடுக்காவிட்டால் உயிரையே எடுக்கக்கூடிய இந்த நிலையை முன்கூட்டியே தெரிந்தால் மருந்தால் தவிர்க்கலாம். ஆகையால் எந்தக் காரணத்துக்காக ஒருவரை அனுமதித்தாலும், அவர் நாளாந்தம் எவ்வளவு குடிப்பவர், கடைசியாக எப்போது குடித்தார் என்ற இரண்டையும் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மரியாதைக்குப் பயந்து வீட்டார் மறைக்கிற விடயங்களில் இதைவிட ஆபத்தானது குறைவு.

‘நினைச்சால் விட்டிடுவன்’

தங்கியிருத்தல் இல்லை என்பதற்கு நம்மவர்கள் காட்டுகிற பெரிய சாட்சி விரதம். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் தொடாமல் இருந்தேன், வற்றாப்பளைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய நாட்களில் வாசமும் பிடிக்கவில்லை, ஓகஸ்ட் 15 மடுத் திருநாள் முடியும்வரை வாயில் வைக்கவில்லை என்பார்கள். அந்தக் கட்டுப்பாடு உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் அது நிரூபிப்பது வேறொன்றை. குறித்த ஒரு நாள்வரை நிறுத்திவைப்பதும், குடிக்கத் தொடங்கிய பிறகு நினைத்த இடத்தில் நிறுத்துவதும் இரண்டு வேறு ஆற்றல்கள். தங்கியிருத்தலில் முதலில் உடைவது இரண்டாவது ஆற்றல். மாலை கழற்றிய அன்றிரவு என்ன நடந்தது, ஒரு கிழமைக்குள் பழைய அளவுக்குத் திரும்பினாரா என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நாளாந்தம் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று மாலை போடுவது, மேலே சொன்ன வலிப்புக்கும் வழிவிடலாம். அப்படியானவர் குருசாமியிடம் போகுமுன் வைத்தியரிடம் போவது நல்லது.

இன்னொரு சோதனை நாட்காட்டியிலேயே இருக்கிறது. இலங்கையில் போயா எனப்படும் பௌர்ணமி நாட்களில் மதுபானசாலைகள் பூட்டு. முதல் நாள் பின்னேரமே ‘நாளைக்குப் போயா’ என்று ஞாபகமாகப் போய், இரண்டு நாளுக்கு உரியதை வாங்கி வந்து, அதையும் அன்றிரவே முடித்துவிடுகிறவருக்கு, ஊர்க் கோயில் ஐயரைவிடத் திதி நன்றாகத் தெரிந்திருக்கும்.

நித்திரைக்காகக் குடிப்பது

வன்னியில் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டில் முடிந்த போருக்குள் இருந்தவர்களில் பலருக்கு இரவு என்பது ஓய்வுக்குரிய நேரம் அல்ல. கண்ணை மூடினால் வருகிறவை வந்துகொண்டே இருக்கின்றன. மருந்து வாங்கினால் பைத்தியம் என்பார்கள், சாராயம் வாங்கினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்; ஆகவே ஆண்கள் பலர் மனக்காயத்துக்குச் சாராயத்தைத் தாங்களே மருந்தாக எழுதிக்கொண்டார்கள். மனைவிமாரும் ‘மனுசன் பாவம், அதைக் குடிச்சால்தான் கொஞ்சம் கண் மூடுறார்’ என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் மதுசாரம் தருவது மயக்கம். கனவு காணும் கட்டம் என்று நித்திரையில் ஒரு பகுதி உண்டு. நினைவுகளை மூளை ஒழுங்குபடுத்திக்கொள்வதில் அதற்குப் பங்கிருக்கிறது. மதுசாரம் இரவின் முதற்பாதியில் அந்தக் கட்டத்தை அமுக்கிவைக்கிறது. நான்கைந்து மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு இறங்க, தூண்டல் மேலெழுகிறது. அமுக்கப்பட்ட கனவுகள் பின்னிரவில் திரண்டு வருகின்றன. இரண்டு மூன்று மணிக்கு வியர்த்து எழும்புகிறவர், குடி போதவில்லை என்று முடிவுசெய்து அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். கெட்ட கனவுக்காகத் தொடங்கியது, கெட்ட கனவைப் பெருக்கிக்கொண்டே போகிறது. மனவடு, மனச்சோர்வு இரண்டுக்கும் மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை உண்டு. உள்ளே கிடக்கும் நோய்க்கு வைத்தியம் பார்க்காமல் குடியை மட்டும் நிறுத்தச் சொல்வது பலருக்குப் பலன் தருவதில்லை.

உடலுக்குள் சத்தமில்லாமல்

ஈரல் மதுசாரத்தை உடைக்கும்போது முதலில் உண்டாவது அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப்பொருள். அது கலங்களின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுபானங்களை 1988ஆம் ஆண்டிலேயே மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது. வாய், தொண்டை, களம் எனப்படும் உணவுக்குழாய், ஈரல் ஆகியவை அதில் அடங்கும்; பெருங்குடலும் பெண்களில் மார்பகமும் பின்னர் சேர்க்கப்பட்டன. குடியோடு புகையிலையும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோயின் அபாயம் இரண்டையும் கூட்டியதைவிடப் பெரிதாகிறது. கொழுப்பு ஈரல் எந்த நோவும் காட்டாது. நிறுத்தினால் சில கிழமைகளில் பெரும்பாலும் குணமாகும். தொடர்ந்தால் ஈரல் தழும்பேறி இறுகிவிடும், அது திரும்பி வருவது அரிது. இரத்த அழுத்தம் ஏறுவதும் இதே மௌனத்தில்தான்.

‘நல்ல சாராயம் ஒன்றும் செய்யாது, கசிப்புத்தான் ஆளைக் கொல்லும்’ என்ற நம்பிக்கையையும் இங்கே பார்க்கவேண்டும். மெதனோல் என்ற நச்சுப்பொருள் கலந்த கள்ளச் சரக்கு கண்பார்வையையோ உயிரையோ ஒரே நாளில் எடுத்துவிடலாம். ஆனால் மேலே சொன்ன அத்தனையையும் செய்வது எதனோல், அதாவது நாம் இதுவரை மதுசாரம் என்று சொல்லி வந்தது. அது கசிப்பிலும் கடைச் சாராயத்திலும் வெளிநாட்டு மாமா கொண்டுவந்த போத்தலிலும் ஒன்றேதான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

ஊர் தருகிற மறைப்பு

மூளை மதுசாரத்தை மட்டும் பழகிக்கொள்வதில்லை. அது வருகிற நேரத்தையும் இடத்தையும் ஆட்களையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. காலபோக அறுவடை முடிந்து மெசின்காரருக்குக் கணக்குத் தீர்க்கிற பின்னேரம், கரைவலை இழுத்து மீன் பிரித்த கையோடு வருகிற காசு, சாமத்திய வீட்டின் பின்வளவு, எட்டுச் செலவு முடிந்த இரவு என்று சந்தர்ப்பங்கள் சேரச் சேர, அவற்றில் ஒன்றைக் கண்டாலே நாவு ஊறுகிறது. ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் ஊரின் அனுமதி இருப்பதால் குடித்தவர் கணக்கு வைப்பதில்லை. வருடத்தில் எத்தனை நாள் சந்தர்ப்பம் இல்லாத நாள் என்று எண்ணிப் பார்த்தால்தான் விளங்கும். மறுப்பதற்கோ வழி இல்லை. ‘எங்கட வீட்டில கை நனைக்கமாட்டீங்களோ’ என்ற கேள்விக்கு முன்னால் தேநீரைக் கேட்டு வாங்குவதற்குத் துணிவு வேண்டும்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. கடைக்காரர் அதற்குப் பயப்படுவார். கலியாண வீட்டில் ஏ.எல். படிக்கிற மருமகனுக்கு ‘நீயும் ஒரு ஆம்பிளைதானே’ என்று ஊற்றிக் கொடுக்கிற மாமன் பயப்படுவதில்லை. மூளை முதிர்ச்சி பெறுவது இருபதுகளின் நடுவில். அதற்கு முன் தொடங்குகிறவருக்குப் பிற்காலத்தில் தங்கியிருத்தல் வருகிற வாய்ப்புக் கூடுதல்.

எங்கே தொடங்குவது

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஓடிற்’ என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவையில் எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமற் போனதுண்டா, காலையில் தேவைப்பட்டதா, முதல்நாள் நடந்தது மறந்துபோனதா, வீட்டாரோ வைத்தியரோ குறைக்கச் சொன்னார்களா என்ற மாதிரியான கேள்விகள். தள்ளாடினீர்களா என்று அதில் எங்கும் கேட்கவில்லை.

குறைந்த அளவில் குடிப்பவர் தாமாகவே நிறுத்தலாம். காலையில் நடுக்கம் உள்ளவர், முன்பு வலிப்பு வந்தவர், நாளொன்றுக்கு அரைப் போத்தலும் அதற்கு மேலும் எடுப்பவர் ஆகியோர் தனியே நிறுத்தக்கூடாது. வைத்தியசாலையில் சில நாட்களுக்கு மருந்து கொடுத்து, திறந்துகிடக்கும் மடையை மெதுவாகச் சாத்துவார்கள். தயமின் எனப்படும் விற்றமின் பி1ஐயும் கொடுப்பார்கள், ஏனெனில் அது குறைந்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வீட்டார் ஒருபோதும் செய்யக்கூடாத காரியம் ஒன்று, ‘குடியை மறக்கவைக்கிற மருந்து’ என்று வாங்கி, ஆளுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது. அப்படிக் கொடுபடும் மருந்துகளில் ஒன்று டைசல்பிரம். அது அசற்றல்டிகைட்டு உடைவதைத் தடுத்துவிடுவதால், அதன்மேல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். இதய நோயுள்ளவர் இறக்கவும் கூடும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து இருக்கிறது. தெரிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுப்பவருக்கே அது மருந்து.

கிளினிக்குக்குப் போகும்போது வழக்கமாகப் போடும் மாத்திரைகளையும் கொண்டுபோகவேண்டும். நீரிழிவு மருந்துகள் சில மதுசாரத்தோடு சேர்ந்தால் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கும். தலையிடிக்கு அடிக்கடி போடுகிற பரசிற்றமோல், நாளாந்தம் குடிப்பவரின் ஈரலுக்குக் கூடுதல் சுமை. முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. எத்தனை போத்தல் என்று வைத்தியர் கேட்கும்போது, சரியான கணக்கு பெரும்பாலும் மனைவியிடம்தான் இருக்கும்.